புளியமரத்தடியில் நிற்கும் லொறி

வன்னியில் ஓர் ஐயாவின் வளவிலே பழைய பெட்போர்ட் லொறி ஒன்று நின்றது. 2008 இல் ஊர் இடம்பெயர்ந்தபோது டீசல் கிடைக்காததால் அதைப் புளியமரத்தடியில் விட்டுவிட்டு, உறவினரின் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் போனார்கள். மீளக் குடியேற வந்தபோது பற்றரி இல்லை, முன்சில்லுகள் இல்லை. எஞ்சின் மட்டும் அப்படியே இருந்தது. விதைநெல்லுக்கென்று வைத்திருந்த காசில் ஐயா ஒரு பற்றரி வாங்கினார். இரவல் சில்லுகளைப் பூட்டி, அயலவரின் உழவு இயந்திரத்தில் கயிறு கட்டி இழுப்பித்தார்.

"கட்டி இழுத்தால் எழும்பும் எண்டு எல்லாரும் சொன்னாங்கள், தம்பி" என்றார் பிறகு.

பின்சில்லுகள் உருளவில்லை, மண்ணைக் கீறிக்கொண்டு வந்தன. இன்னும் பலமாக இழுத்தபோது உள்ளே ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. கறள் பிடித்து ஒட்டியிருந்த பிஸ்டன் வளையங்கள் உடைந்து, சிலிண்டர் சுவரையும் கீறிவிட்டன. விதைநெற் காசும் அதோடு போயிற்று.

ஐயாவைக் குறைகூற இதை எழுதவில்லை. எமது வாசகர் பலருடைய வளவிலும் இப்படியொரு லொறியோ, உழவு இயந்திரமோ, இறைப்பு இயந்திரமோ கிடக்கிறது. பழைய டீசல் எஞ்சின் நெடுங்காலம் கிடந்தாலும் எளிதில் சாவதில்லை. அவசரப்பட்டு எழுப்புகிற அந்த ஒரு நாளிலேதான் பெரும்பாலும் அதைக் கொன்றுவிடுகிறோம்.

பெட்போர்ட் லொறியை இங்கிலாந்தின் லூட்டன் நகரத்து வொக்ஸோல் கம்பனி 1931 இல் செய்யத் தொடங்கியது. அங்கே அதன் லொறித் தயாரிப்பு 1986 இல் நின்றுபோனாலும், பாகிஸ்தான் வீதிகளில் பெட்போர்ட்கள் இன்றும் ஓடுவதால் உதிரிப்பாகம் முற்றாக அற்றுப்போகவில்லை. இந்தக் காலத்து வாகனங்களைப் போல அதில் கணினி கிடையாது. சுத்தியலும் சாவிகளும் பொறுமையும் உள்ள மெக்கானிக் ஒருவர் மரநிழலிலேயே வேலை செய்யலாம்.

ஆனால் சாவியைத் தொடுமுன் பார்க்க வேண்டியவை சில உண்டு. லொறி நிற்கும் இடம் கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிசெய்யப்பட்ட நிலமா? இல்லையென்றால் கிட்டப் போகவேண்டாம். பற்றைக்குள் கிடக்கும் வாகனத்தின் அடியிலும் இருக்கைக்குக் கீழும் எதுவும் இருக்கலாம். அடுத்தது பத்திரம். புத்தகம் தொலைந்திருந்தால் செசி இலக்கத்தின்மேல் கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுங்கள். எஞ்சின் இலக்கத்தையும் குறித்துக்கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முதலில் விசாரியுங்கள். வேறொருவர் பெயரில் உள்ள லொறிக்குச் செலவழித்துவிட்டு வீதியில் மறிபட்டு நிற்பதில் பயனில்லை. மூன்றாவதாக, செசியை முனையிலிருந்து முனைவரை சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். கறள் தின்றது பொத்தென்று கேட்கும், செதில் செதிலாகக் கொட்டும். செசி போயிருந்தால் அங்கேயே கணக்கை முடித்துக்கொள்வது புத்தி.

அதே ஊரில் இன்னொருவரின் லொறியைப் பழைய மெக்கானிக் ஒருவர் எழுப்பியதை நாம் கிட்டநின்று பார்த்தோம். முதல்நாள் அவர் பற்றரியையே கேட்கவில்லை. எஞ்சின் ஒயிலைக் கழற்றிவிட்டார். முதலில் தண்ணீர் வந்து பிறகு ஒயில் வந்தால், அல்லது ஒயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால், உள்ளே நீர் இறங்கியிருக்கிறது. காற்றுப் போகும் குழாயைக் கழற்றியபோது அதற்குள் குளவிக் கூடு மண்ணாக இருந்தது. பிறகு இஞ்செக்ரர்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் டீசலும் எஞ்சின் ஒயிலும் கலந்து ஊற்றி, துவாரங்களைத் துணியால் மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். நான்கு நாள் ஊறியது. ஐந்தாம் நாள் முன்பக்கக் கப்பியில் நீண்ட சாவியைப் பூட்டி மெதுவாக அசைத்தார். அசையவில்லை. மறுபடியும் ஊற்றினார். பன்னிரண்டாம் நாள் ஒரு விரலளவு அசைந்தது. முன்னும் பின்னுமாக அசைத்து அசைத்து, அன்று பொழுதுபடுவதற்குள் முழுச்சுற்றுச் சுற்றவைத்தார். வால்வுகள் ஒட்டியிருக்கின்றனவா என்று மேல்மூடியைத் திறந்து பார்த்த பின்னரே புது ஒயில் ஊற்றினார்.

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டாம். காற்றை ஏறத்தாழ 16 இல் ஒரு பங்காக நெருக்கும்போது உண்டாகும் சூட்டிலேயே டீசல் பற்றுகிறது. எனவே எஞ்சினின் உயிர் இரண்டு இடங்களில் இருக்கிறது: காற்றை இறுக்கிப் பிடிக்கும் வளையங்களிலும், டீசலை அளந்து தள்ளும் பம்பிலும். பம்பின் பகைவர்கள் தண்ணீரும் தூசியும். பல வருடம் நின்ற தாங்கியின் அடியில் தண்ணீர் தேங்கும், அதன்மேல் பாசிபோன்ற வழுவழுப்பு வளரும். தாங்கியைக் கழற்றிக் கழுவி, பில்டரைப் புதிதாகப் போட்டபிறகே பம்புக்கு டீசல் விடவேண்டும். பம்பை வீட்டு முற்றத்தில் பிரிக்கவே வேண்டாம். அதற்கென்று இயந்திரம் வைத்திருக்கும் கராஜில் கொடுங்கள்.

1990 களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடையின்போது பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் கொஞ்சப் பெற்றோலில் எழும்பி மண்ணெண்ணெயில் ஓடியதைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். உங்கள் டீசல் வாகனமும் அந்நாட்களில் மண்ணெண்ணெய் குடித்திருந்தால் மெக்கானிக்கிடம் அதைச் சொல்லுங்கள். மசி பெர்குசன் 35 இன் மூன்று சிலிண்டர் எஞ்சினில் உள்ளதுபோன்ற சுழல் பம்புக்கு, உள்ளே ஓடும் டீசலே மசகு. மண்ணெண்ணெய் அந்த வேலையை நன்றாகச் செய்யாது, பம்ப் தேய்ந்திருக்கும்.

முதன்முதல் எழுப்பும்போது சிறுவர்களைத் தூர நிறுத்துங்கள். நீண்டகாலம் நின்ற பம்பில் டீசலை அளக்கும் தண்டு முழுத்திறப்பில் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். அப்போது எஞ்சின் எழும்பியதும் கட்டுக்கடங்காமல் அலறும், திறப்பை மூடினாலும் நிற்காது. நமது மெக்கானிக் காற்றுத் துவாரத்தை மூடத் தக்க பலகை ஒன்றை ஒருவரிடம் கொடுத்து, அவரை வேறெங்கும் அசையவிடாமல் நிறுத்தியிருந்தார். பலகைதான், கையல்ல. இஞ்செக்ரரிலிருந்து சீறும் டீசலுக்கும் கையைக் காட்டவேண்டாம். அது தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சிறியதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

எஞ்சின் எழும்பிவிட்டது என்று வீதிக்கு ஏற்றிவிடாதீர்கள். பிறேக்கின் இறப்பர் வளையங்கள் அனைத்தையும் மாற்றவேண்டும். ரயரின் பூ நன்றாக இருந்தாலும் பக்கச் சுவரில் வெடிப்பிருந்தால் சுமையோடு அது வெடிக்கும். றேடியேற்றருக்கு யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணற்று நீரைவிட மழைநீர் நல்லது.

செலவைப்பற்றி ஒரு வார்த்தை. பம்ப், ரயர், பிறேக், பற்றரி ஆகிய நான்குக்கும் விலை கேட்டு எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். தனியொரு குடும்பத்துக்கு அது கூடினால், நெல் ஏற்ற லொறி தேவைப்படும் நாலைந்து குடும்பங்கள் சேரலாம். யார் எவ்வளவு போட்டார் என்பதை மட்டும் முதல்நாளே கொப்பியில் எழுதிக் கையொப்பமிடுங்கள்.

ஐயாவின் எஞ்சினைத் திருத்தக் கேட்ட தொகை அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. பின் அச்சையும் செசியின் பின்பாதியையும் வெட்டி உழவு இயந்திரப் பெட்டியாக்கினார். சென்ற அறுவடைக்கு அயலவரின் நெல்லையும் அதில்தான் ஏற்றினார்கள். லொறியின் முன்பகுதி இன்னும் புளியமரத்தடியில் நிற்கிறது. சாரதி இருக்கையில் கோழி அடைகிடக்கிறது.