வேங்கிக்கால் ஏரியில் டிரவுட் வாழுமா?

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் செல்லும் சாலையில், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்திருக்கும் ஊர் வேங்கிக்கால். அங்கே ஓர் ஏரி உண்டு. தண்ணீர் நிறைந்திருக்கும் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கரைப் பக்கம் போனால், உங்கள் வயதுள்ள யாராவது ஒருவர் மூங்கில் கழியும் கையுமாக உட்கார்ந்திருப்பதைக் காணலாம். கழியின் நுனியில் நைலான் நரம்பு. நரம்பில் ஒரு தக்கை. அதற்குக் கீழே சிறு ஈயக்குண்டு. கடைசியில் மண்புழு கோத்த முள். தக்கை துள்ளி அமிழ்ந்தால் கெண்டையோ, ஜிலேபியோ, கெளுத்தியோ இரையைக் கவ்விவிட்டது என்று பொருள்.

இதே தமிழ்நாட்டில் நீலகிரி மலையின் உச்சியில், அவலாஞ்சிப் பக்கத்து ஓடைகளில், முற்றிலும் வேறு விதமான தூண்டில் விளையாட்டு ஒன்று நூறாண்டுகளுக்கு முன்பே வேரூன்றியது. அங்கே தக்கையும் கிடையாது, மண்புழுவும் கிடையாது. வளையும் கழி, நரம்பைச் சுற்றிவைக்க ஒரு சக்கரம், பறவை இறகைக் கட்டிப் பூச்சி போலச் செய்த முள், அவ்வளவுதான். பிடிபடும் மீனின் பெயர் டிரவுட். பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடுவதால் அதை வானவில் டிரவுட் என்பார்கள். சால்மன் மீனுக்கு அது நெருங்கிய உறவு. எவ்வளவு நெருக்கம் என்றால், 1989-ஆம் ஆண்டில் விலங்கியலார் அதன் விஞ்ஞானப் பெயரையே மாற்றி, பசிபிக் சால்மன்களின் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள்.

இப்போது ஒரு கேள்வி. அவலாஞ்சியிலிருந்து நூறு டிரவுட் குஞ்சுகளைக் கொண்டுவந்து வேங்கிக்கால் ஏரியில் விட்டால் என்ன ஆகும்? "மீனுக்குத் தண்ணீர்தானே வேண்டும்? பிழைத்துக்கொள்ளும்" என்று சிலர் சொல்லக்கூடும். சித்திரை வெயிலில் விட்டால் ஒரு நாள்கூடத் தாங்குவது சந்தேகம். ஏன் என்று பார்ப்போம்.

மீன் செவுள்களால் சுவாசிக்கிறது என்று படித்திருக்கிறீர்கள். தண்ணீர் என்பது ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்ததுதான். ஆனால் அந்த ஆக்ஸிஜனை மீனால் பிரித்தெடுக்க முடியாது. (பரீட்சைத் தாள்களில் இந்தத் தவறு அடிக்கடி வரும்!) காற்றிலிருந்து தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. கரைந்திருக்கும் அளவோ மிகச் சொற்பம். நாம் சுவாசிக்கும் ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்ஸிஜன் இருக்கிறது. 30 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லிட்டர் தண்ணீரில் அதிகபட்சமாக ஏழரை மில்லிகிராம்தான் கரையும். மீனின் வாழ்க்கை அந்த ஏழரைக்குள்தான்.

தண்ணீர் குளிர்ந்தால் வாயு அதிகம் கரையும், சூடானால் வெளியேறிவிடும். சோடா பாட்டிலை வெயிலில் வைத்துத் திறந்தவர்களுக்கு இது தெரியும். அடுப்பில் தண்ணீர் காயும்போது, கொதிப்பதற்கு வெகு முன்னரே பாத்திரத்தின் அடியில் முத்து முத்தாகக் குமிழிகள் ஒட்டுவதைப் பாருங்கள். அவை நீராவி அல்ல. கரைந்திருந்த காற்று வெளியேறுகிறது. அந்தத் தண்ணீரை ஆறவைத்து உடனே அதில் மீனை விட்டால் அது திணறும்.

"அப்படியானால் விடை கிடைத்துவிட்டதே! மலையில் குளிர், ஆக்ஸிஜன் அதிகம். வேங்கிக்காலில் வெப்பம், ஆக்ஸிஜன் குறைவு" என்று நீங்கள் முடித்துவிடலாம். சற்றுப் பொறுங்கள். அவலாஞ்சி கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைப்போல் ஐந்தில் நான்கு பங்குதான். அழுத்தம் குறைந்தால் வாயு கரைவதும் குறையும். கணக்குப் போடுவோம். ஓடை நீரின் வெப்பநிலை 12 டிகிரி என்று கொண்டால், கடல்மட்டத்தில் லிட்டருக்கு 10.8 மில்லிகிராம் கரையும். 2,000 மீட்டர் உயரத்தில் அது எட்டரையாகச் சுருங்கிவிடும். குளிர் கொடுத்ததில் பெரும்பகுதியை உயரம் பிடுங்கிக்கொண்டது. வேங்கிக்காலின் ஏழரைக்கும் அவலாஞ்சியின் எட்டரைக்கும் ஒரே ஒரு மில்லிகிராம் வித்தியாசம். இதற்காகவா ஒரு மீன் சாகும்?

வரவை மட்டும் பார்த்தோம், செலவைப் பார்க்கவில்லை. மீன் குளிர் இரத்தப் பிராணி. சுற்றியுள்ள நீரின் வெப்பமே அதன் உடல் வெப்பம். வெப்பநிலை பத்து டிகிரி உயர்ந்தால் உடலுக்குள் நடக்கும் இரசாயன மாற்றங்களின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். 12-லிருந்து 30-க்குப் போனால் ஆக்ஸிஜன் தேவை மூன்று மடங்கைத் தாண்டும். வரவு ஒரு மில்லிகிராம் குறைந்தது. செலவோ மூன்று மடங்கு! போதாக்குறைக்கு, டிரவுட்டின் இரத்தம் ஆக்ஸிஜன் தாராளமாக உள்ள நீருக்கே பழகியது. ஆக்ஸிஜன் குறைந்த நீரிலிருந்தும் அதைப் பற்றி இழுக்கும் திறன் கெண்டை இனத்தின் இரத்தத்திற்கு அதிகம். 10 முதல் 18 டிகிரி வரை டிரவுட் சுகமாக இருக்கும். 25-ஐ நெருங்கினால் உயிருக்கு ஆபத்து.

இன்னொரு விஷயமும் உண்டு. ஓடை நீர் பாறையில் மோதி, நுரைத்து, இரவும் பகலும் காற்றுடன் கலந்தபடியே ஓடுகிறது. ஏரி நீர் தேங்கி நிற்பது. பகலில் அதிலுள்ள பாசியும் நீர்த்தாவரங்களும் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்ஸிஜனை வாரி வழங்கும். சூரியன் மறைந்ததும் வழங்கல் நின்றுவிடும். ஆனால் பாசியும் மீனும் பாக்டீரியாவும் சுவாசிப்பதை நிறுத்துவதில்லை. இரவு முழுவதும் இருப்பு கரைந்து, விடிவதற்குச் சற்று முன்னால் ஆக்ஸிஜன் மிகக் குறைந்துவிடும். அந்த நேரத்தில் மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாயைப் பிளப்பதைப் பார்த்திருக்கலாம். இரை தேடி வந்திருப்பதாக நினைத்துப் பலர் அப்போது தூண்டில் போடுகிறார்கள். மூச்சுக்குத் தவிக்கும் மீன் இரையைத் தொடுவது அபூர்வம். வெயில் ஏறிய பிறகு போட்டால்தான் தக்கை ஆடும்.

இந்தத் தவிப்பைப் பற்றிக் கவலைப்படாத மீன் ஒன்று நம் ஏரிகளில் இருக்கிறது. அதுதான் விரால். செவுள்களுக்கு மேலே அதற்கு ஓர் அறை உண்டு. மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி, அந்த அறையின் இரத்தக்குழாய்கள் வழியே ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும். பனையேறிக்கும் தேளிக்கும் இப்படிப்பட்ட ஏற்பாடு உண்டு. வளர்ந்த விராலுக்கு இந்தக் காற்று உபரிச் சௌகரியம் அல்ல, கட்டாயத் தேவை. வலையில் சிக்கி மேலே வர முடியாமற்போனால் அது தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துவிடும்! விரால் பிடிப்பவர்கள் இதை நன்றாகவே பயன்படுத்திக்கொள்கிறார்கள். எந்த இடத்தில் அது காற்று வாங்க வருகிறது என்று பார்த்துவைத்து, முள்ளில் சிறு தவளையைக் கோத்து அங்கே போடுவார்கள்.

சரி, வெப்பத்தைத் தாங்காத டிரவுட் எப்படி நம் நீலகிரிக்கு வந்தது? அது இந்த நாட்டு மீனே அல்ல. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளே வானவில் டிரவுட்டின் தாயகம். 1860-களில், இந்திய மீன்களைப் பற்றிய பெரிய நூலை எழுதிய பிரான்சிஸ் டே, நீலகிரியில் டிரவுட்டைக் குடியேற்ற முயன்றார், வெற்றி கிட்டவில்லை. வழியில் வெப்ப மண்டலக் கடலைக் கடக்கவேண்டும் என்பது அக்காலத்தில் இப்படிப்பட்ட முயற்சிகள் எல்லாவற்றுக்கும் பெரிய தடை. முட்டையை அனுப்பும் முறையில் அந்தத் தடை தகர்ந்தது. 1864-இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியா சென்ற 'நார்போக்' என்ற கப்பலின் ஐஸ் அறையில், ஈரப்பாசி நிரப்பிய பெட்டிகளில் டிரவுட், சால்மன் முட்டைகளை அடுக்கி அனுப்பினார்கள். மூன்று மாதப் பயணத்திற்குப் பிறகும் அவற்றில் பல உயிரோடு இருந்தன. தாஸ்மானியாவில் குஞ்சுகள் பொரித்தன.

எப்படி? நாம் முன்னே பார்த்த அதே விதிதான், தலைகீழாக. 10 டிகிரியில் வானவில் டிரவுட் முட்டை ஒரு மாதத்தில் பொரித்துவிடும். ஐஸின் குளிரில் வளர்ச்சி ஊர்ந்து செல்லும். ஆக்ஸிஜன் தேவையும் ஒடுங்கிவிடும். பாசியின் ஈரமே அதற்குப் போதும்.

நீலகிரியில் 1907-இல் அவலாஞ்சியில் மீன் பொரிப்பகம் அமைந்தது. சென்னை அரசின் மீன்வளர்ப்பு நிபுணரான எச். சி. வில்சன் அதை முன்னின்று நடத்தினார். இலங்கையிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்த முட்டைகளில் வானவில் டிரவுட்தான் நிலைத்தது. தூண்டில்காரர்கள் உரிமச் சீட்டு வாங்கிக்கொண்டே மீன் பிடித்தனர். நீலகிரிக்கென்றே வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் ஒன்று 1879 முதல் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

இறகுப் பூச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. வேகமான ஓடையில் டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்து ஒரே இடத்தில் நீந்தி நிற்கும். மேலிருந்து அடித்துவரும் பூச்சிகள் அதைக் கடக்க ஓரிரு கணமே ஆகும். அதற்குள் கவ்வ வேண்டுமா, விட வேண்டுமா என்று தீர்மானித்தாக வேண்டும். அந்த அவசரத்தில்தான் இறகு முள்ளிடம் ஏமாறுகிறது. ஆனால் இறகுக்கு எடை இல்லையே, அதை எப்படித் தூர எறிவது? வேங்கிக்கால் பையன் ஈயக்குண்டை வீசுகிறான், நரம்பு பின்னால் போகிறது. டிரவுட்காரர் கனமான நரம்பையே சாட்டைபோல் வீசுகிறார், இறகு பின்னால் போகிறது.

டிரவுட்டின் இடம் மிகக் குறுகியது. மலையில் கீழே இறங்க இறங்க ஓடை நீர் வெதுவெதுப்பாகும். உலக வெப்பநிலை உயரும்போது அந்த எல்லை மேல்நோக்கி நகரும். மீனும் மேலே போக வேண்டியதுதான். நீலகிரியின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான்.

ஏரிக்கும் ஆபத்து வேறு வழியில் வரலாம். சாக்கடை நீர் கலந்தால் பாக்டீரியா பெருகி ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். முதலில் மறைவது கெண்டைகள். காற்றை விழுங்கத் தெரிந்தவை மிஞ்சும். வளர்க்கத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் அவற்றுள் ஒன்று. ஆகவே உங்கள் ஊர் ஏரியில் யார் தூண்டிலில் என்ன மீன் விழுகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். தேதி, மணி, மீனின் பெயர், முடிந்தால் பள்ளி ஆய்வகத்து வெப்பமானியால் நீரின் வெப்பநிலை. விடியலில் ஒரு முறை, பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு முறை எடுத்தால் நல்லது. விடியலில் தனியாகப் போகாதீர்கள். நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். விரால் மேலே வந்து காற்று வாங்குவதைக் கண்டால் அடுத்த முறை எப்போது வருகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து அதையும் எழுதுங்கள்.