படமும் பண்டமும்

வட சென்னையில், கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தை அடுத்து நெட்டுக்குப்பம் என்னும் மீனவர் சிற்றூர் இருக்கிறது. நெசவாளருக்கும் விவசாயிகளுக்கும் உரிய இவ்வேட்டில் மீனவரைப் பற்றிய பேச்சு எதற்கு என்று அங்கத்தினர்கள் வினவலாம். பண்டத்தின் விலையைப் படம் எவ்வளவு தூரம் ஆட்டி வைக்கும் என்பதை அவ்வூர் நன்கு அறியும். ஆதலின் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், மிக்ஜாம் புயல் கொணர்ந்த வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. கரிய எண்ணெய் படிந்த படகு, வலை, கை ஆகியவற்றின் படங்கள் கைப்பேசி வழியே நாடெங்கும் சென்றன. அப்படங்களால் நன்மை விளைந்தது; மக்களின் துயரை ஊரார் உணர்ந்தனர். ஆனால் மீன் வாங்குவோரும் அதே படங்களைக் கண்டு அஞ்சினர். எண்ணெய் அப்பிய வலையை உலகம் கண்டது. கழுவி உலர்த்திய வலையைக் காட்டுவார் இல்லை. நம் பண்டத்தின் படத்தை நாமே காட்டாவிடில், பிறர் எடுத்த படமே நமக்காகப் பேசிவிடும். நமது சங்கங்கள் இதை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இன்று இவ்வகைப் படங்கள் உலவும் பெருஞ்சந்தைகளுள் ஒன்று இன்ஸ்டாகிராம். 2010-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் தொடங்கப்பெற்று, 2012-இல் ஃபேஸ்புக் நிறுவனத்தின் கைக்கு வந்தது. அதிற் கணக்குத் திறக்கக் கட்டணம் இல்லை. நல்ல கைப்பேசியும், பொறுமையும், நாள்தோறும் சிறிது நேரமும் இருந்தாற் போதும். எனினும் அது நமது சொந்தக் கடையன்று. எந்தப் படம் யார் கண்ணில் முதலிற் பட வேண்டும் என்பதை அந்நிறுவனத்தின் கணிப்பொறிகளே முடிவு செய்கின்றன. ஆகவே, அதன் வழியே வரும் வாடிக்கையாளரின் பெயரையும் எண்ணையும், அவர் இசைவுடன், சங்கத்தின் பதிவேட்டில் தனியே குறித்துக்கொள்வது அறிவுடைமை.

சென்னைக் கைத்தறிக்கும் படத்திற்கும் உள்ள உறவு புதிதன்று. 1958-ஆம் ஆண்டில் வில்லியம் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க இறக்குமதியாளர், கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரிடம் மதராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணியை வாங்கினார். இயற்கைச் சாயமாதலால் குளிர்ந்த நீரில் மென்மையாகத் துவைக்க வேண்டும் என்று நாயர் எச்சரித்தார். அத்துணி புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் ஆடைகளாக விற்பனைக்கு வந்தபோது, அவ்வெச்சரிக்கை மட்டும் வாங்கியவர்களைச் சென்றடையவில்லை. சாயம் ஓடியது, புகார்கள் குவிந்தன, வழக்கு என்னும் பேச்சும் எழுந்தது. பின்னர் ‘செவன்டீன்’ என்னும் பத்திரிகை அத்துணியைப் படங்களோடு வெளியிட்டு, துவைக்கத் துவைக்க நிறம் கலந்து புதுத்தோற்றம் கொள்வதே அதன் சிறப்பு என்று எடுத்துரைத்தது. அதன்பின் அதையே அமெரிக்கர் விரும்பிக் கேட்டனர் என்று அவ்வரலாறு சொல்லப்படுகிறது.

மறைத்தபோது வழக்கைக் கொணர்ந்த அதே குணம், வெளிப்படையாகச் சொன்னபோது வாணிபத்தைக் கொணர்ந்தது. படம் நிறத்தைக் காட்டும். துணியின் கனத்தையோ, தொட்டால் தோன்றும் மென்மையையோ, துவைத்தபின் ஆகும் நிலையையோ காட்டாது. ஆதலால் படம் சொல்லாததை எழுத்து சொல்ல வேண்டும்.

நடைமுறைக்கு வருவோம். புடவையைக் காலை வெளிச்சத்தில், நேர்வெயில் படாத திண்ணையில் விரித்துப் படம் எடுக்கவும். கைப்பேசியில் உள்ள மெருகூட்டும் வசதிகளைத் தொடவேண்டாம்; அரக்கு நிறம் சிவப்பாகத் தோன்றினால் புடவை திரும்பி வரும், சங்கத்தின் பெயரும் கெடும். உடல், கரை, முந்தானை மூன்றையும் தனித்தனியே காட்டுக. நூல் நம்பர், நீளம், சரிகையின் தரம், ரவிக்கைத்துணி உண்டா இல்லையா, துவைக்கும் முறை, விலை ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுக. விலையைக் கேட்டறியச் சொல்வது நம்பிக்கையைக் குறைக்கும். பாவு தோய்வதும், நாடா ஓடுவதும் குறும்படமாக வந்தால், கைத்தறிக்கு விலை ஏன் கூடுதல் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். நெய்தவரின் பெயரும் முகமும் அவர் சம்மதித்தாலன்றி வெளியிடலாகாது.

விவசாய அங்கத்தினருக்கும் இது பொருந்தும். மஞ்சளோ மாம்பழமோ, அறுவடை செய்த நாளையும் நிறையையும் படத்தோடு சேர்த்துச் சொல்லுக. சென்ற ஆண்டுப் படத்தை இவ்வாண்டுச் சரக்குக்குப் போடுவது ஏமாற்றேயாகும்.

இதில் ஓர் அபாயமும் உண்டு. புதிய கரை வேலைப்பாட்டின் படம் வெளிவந்ததும் விசைத்தறியில் அதன் நகல் பிறக்கக்கூடும். சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பினும், நகல் சந்தைக்கு வந்தபின் சட்டத்தைத் தேடுவது காலங் கடந்த செயல். புதிய வடிவத்தை, வெளியிடுவதற்கு முன்னரே, வடிவமைப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிய முயல்க. போதிய புடவைகள் கையிருப்பில் சேர்ந்த பின்னரே படத்தை வெளியிடுக.

இனித் தணிக்கையாளன் என்ற முறையில் ஒரு சொல். நான் பார்வையிட்ட சங்கம் ஒன்றில் எழுத்தர் தம் சொந்த எண்ணைக் கொண்டு கணக்குத் திறந்திருந்தார். அவர் வேலையை விட்டகன்றபோது கடவுச்சொல்லும் அவருடன் போயிற்று. ஓராண்டு உழைத்துச் சேர்த்த வாடிக்கையும் போயிற்று. அவர் தீய எண்ணம் கொண்டவரல்லர். தீர்மானம் இல்லாததே குறை. ஆகவே நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்றி, சங்கத்தின் எண்ணிலேயே கணக்குத் திறக்க வேண்டும். கடவுச்சொல்லை இருவர் அறிந்திருத்தல் நலம். பணம் சங்கத்தின் வங்கிக் கணக்கிற்கே வரவேண்டும். பணம் செலுத்தியதாக வாங்குபவர் அனுப்பும் படத்தை நம்பிச் சரக்கை அனுப்பாது, வங்கியில் வரவு கண்ட பின்னரே அனுப்புக. விற்ற புடவைக்கு அன்றே இருப்புப் பதிவேட்டில் பற்று எழுதி, படத்தின்மீதும் விற்றுவிட்டது எனக் குறிக்கவும்.

நெட்டுக்குப்பத்து மீனவர் படும் இடர் படத்தால் மட்டும் தீர்ந்துவிடாது. ஆறு தூய்மையாக வேண்டும். நம் நெசவாளரின் கூலியும் படத்தால் மட்டும் உயர்ந்துவிடாது. சரக்கு தரமாக இருக்க வேண்டும். தரம் இருந்தும் காட்டுவாரின்றி அலமாரியில் தேங்கும் புடவைகளை நான் பல சங்கங்களிற் கண்டிருக்கிறேன். அவற்றை அடுத்த பொதுக்குழுவிற்கு முன் வெளிச்சத்திற்குக் கொண்டு வாருங்கள்.