ஒலிப்பதிவின் மட்டம் குறைவது ஏன்?



ஒலிவாங்கி, ஒலி இடைமுகம், கணினி ஆகிய மூன்றும் இருந்தால் வீட்டின் சிறு அறையே ஒலிப்பதிவுக் கூடமாகிவிடும். ஆயினும் பதிந்த குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்து கேட்பதுண்டு. “பிறகு கணினியிற் கூட்டிவிடலாம்” என எண்ணாதீர்கள். எனது அம்மம்மாவின் தாலாட்டை நான் அப்படித்தான் பதிந்தேன். பின்னர் மட்டத்தைக் கூட்டியபோது குரலுடன் இரைச்சலும் சேர்ந்து கூடியது. மீண்டும் பதிய அவர் இன்று இல்லை.

அடிப்படை விளக்கம்

இயங்கு சுருள் ஒலிவாங்கியை (விஞ்ஞானப் பாடத்தில் நுணுக்குப்பன்னி) எடுத்துக்கொள்வோம். குரலால் மென்றகடு அதிர, அதனுடன் இணைந்த சுருள் காந்தப் புலத்தில் அசைகிறது. மின்காந்தத் தூண்டலால் வோல்ற்றளவு உண்டாகிறது. சாதாரண பேச்சுக்கு இது 1 மில்லிவோல்ற் அளவிலேயே இருக்கும். தொழின்முறைச் சாதனங்களின் ‘லைன்’ மட்டமோ ஏறத்தாழ 1.23 வோல்ற். எனவே சுமார் 1000 மடங்கு, அதாவது 60 டெசிபெல் விரியலாக்கம் தேவை. இதனைச் செய்வது முன்விரியலாக்கி. அதன் அளவைக் கட்டுப்படுத்துவது ‘கெயின்’ குமிழ்.

பரிசோதிக்கும் ஒழுங்கு

1. முதலில் மானியைப் பாருங்கள். மானி போதிய மட்டத்தைக் காட்டியும் ஒலி மெலிந்து கேட்டால், குறை பதிவில் இல்லை. கேட்கும் பக்கத்திலேயே உள்ளது.
2. பாடுபவர் ஒலிவாங்கிக்கு ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் தூரத்தில் இருக்கிறாரா? சில ஒலிவாங்கிகளில் நுனியையன்றிப் பக்கத்தையே நோக்கிப் பாடவேண்டும்.
3. வடம் ‘மைக்’ உள்ளீட்டில் செருகப்பட்டுள்ளதா? ‘லைன்’ உள்ளீட்டில் போதிய விரியலாக்கம் கிடைக்காது.
4. கொள்ளளவி வகை ஒலிவாங்கியாயின், 48 வோல்ற் எனக் குறித்த ஆளி போடப்பட்டுள்ளதா? ஆளியைப் போடுமுன் கெயினைக் குறையுங்கள்.
5. ‘பேட்’ ஆளி போடப்பட்டிருந்தால் மட்டம் 10 அல்லது 20 டெசிபெல் குறையும். அதனை அணையுங்கள்.
6. கணினி மென்பொருளில் ஒலி இடைமுகம் தெரிவு செய்யப்பட்டுள்ளதா? மடிக்கணினியின் உள் ஒலிவாங்கியே பதிவதும் உண்டு.
7. இறுதியாக, பாட்டின் மிக உரத்த பகுதியைப் பாடச்செய்து கெயினை உயர்த்துங்கள். மானியின் உச்சம் −12 முதல் −6 டெசிபெல் வரை இருப்பது நன்று. 0 டெசிபெலைத் தாண்டினால் அலையின் உச்சிகள் வெட்டுப்படும். அச்சிதைவைப் பின்னர் முழுமையாகச் சீராக்க முடியாது.

ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அப்போதுதான் குறை எங்கே இருந்தது என்பது புலப்படும்.

மாதிரி வினா

15 சென்ரிமீற்றர் தூரத்தில் பாடியவர் 60 சென்ரிமீற்றருக்கு விலகினால் மட்டம் எவ்வளவு குறையும்?

விடை: திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் மட்டம் 6 டெசிபெல் குறையும். 15இலிருந்து 30, 30இலிருந்து 60 என இருமுறை இரட்டிக்கிறது. ஆகவே 12 டெசிபெல் குறையும். ஒலியமுக்கம் நாலிலொன்றாகும். அறையில் சுவர்களின் தெறிப்பால் இக்குறைவு சற்றுக் குறையலாம்.

நினைவிற் கொள்க: கெயினைக் கூட்டுமுன் தூரத்தைக் குறையுங்கள். அருகில் வந்தால் குரல் மட்டுமே கூடும். கெயினைக் கூட்டினால் அறையின் மின்விசிறிச் சத்தமும் கூடும். வீட்டில் முதியவர்களின் பாடலைப் பதிவதாயின், முதலில் அரை நிமிடம் பதிந்து கேட்டுப் பாருங்கள். பிறகு முழுவதையும் பதியுங்கள்.