கட்டணம் ஒரு வெள்ளி. போய்ச் சேர்வதுதான் பெரும்பாடு

மருத்துவமனையை மேம்படுத்துவது என்றதும் புதிய கட்டடம், புதிய இயந்திரம் என்றுதான் பலரும் பேசுகிறோம். நோயாளி அங்கே எப்படி வந்து சேர்கிறார், வந்த பின் வழி தெரிந்து போகிறாரா என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. பேராக் மாநிலத்தின் முன்னாள் தோட்டப் பாட்டாளிகளுக்கோ இதுதான் முதல் கேள்வி.

டிரெசர் இருந்த காலம்

ரப்பர் தோட்டங்களில் லயத்திற்கு அருகிலேயே சிறிய மருந்தகம் இருந்தது. 'டிரெசர்' என்று மக்கள் அழைத்த மருத்துவ உதவியாளர் அதைக் கவனித்துக்கொண்டார். இவர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965இல் ஒரு சட்டம் வந்தது. அந்த மருந்தகத்தில் குறைகள் ஏராளம். ஆனாலும் டிரெசருக்குக் குடும்பத்தையே தெரியும். நடந்து போய்ப் பார்த்துவிடலாம்.

பின்னர் ரப்பர் செம்பனைக்கு இடம் விட்டது. பல தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. மக்கள் சுங்கை சிப்புட், பீடோர், தாப்பா போன்ற ஊர்களின் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தனர். இன்று பல சிறப்புச் சிகிச்சைகளுக்கு ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குத்தான் வர வேண்டும்.

அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளி. சிறப்பு மருத்துவரைப் பார்க்க 5 வெள்ளி. செலவு அங்கே இல்லை, வழியில் இருக்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ ஏறக்குறைய 30 கிலோமீட்டர். வாகனக் கட்டணம் ஒரு பக்கம், உடன் வரும் மகனோ மகளோ இழக்கும் ஒரு நாள் சம்பளம் மறுபக்கம். "அடுத்த மாதம் போகலாம்" என்று தள்ளிப் போடுவது இப்படித்தான் தொடங்குகிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்த மலேசிய இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. வலி தெரியாத இந்த நோயில் மருந்து தவறினால், கண்ணும் சிறுநீரகமும் காலும்தான் விலை கொடுக்கின்றன.

வாசலும் அறிவிப்புப் பலகையும்

மாற்றுத்திறனாளிகள் பொது இடங்களையும் சுகாதாரச் சேவையையும் மற்றவர்களைப் போலவே பெற வேண்டும் என்கிறது 2008ஆம் ஆண்டுச் சட்டம். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்திற்கும் கணக்கு உண்டு: ஓர் அடி உயரத்திற்குக் குறைந்தது 12 அடி நீளம். அதைவிடச் செங்குத்தாக இருந்தால், தள்ளுபவருக்கும் சிரமம், அமர்ந்திருப்பவருக்கும் ஆபத்து.

அடுத்தது பலகை. பெண்டஃப்தாரான் என்றால் பதிவு, ஹாசில் என்றால் பணம் கட்டுமிடம். தோட்டப் பள்ளியில் சில ஆண்டுகளே படித்த மூதாட்டிக்கு இது எப்படிப் புரியும்? தரையில் வண்ணக்கோடு, பெரிய எண், படக்குறி, வாசலில் வழிகாட்ட ஒருவர் ஆகியவற்றுக்குக் கோடிக்கணக்கில் செலவாகாது. மருந்துப் பையில் காலைக்குச் சூரியனும் இரவுக்கு நிலவும் வரைந்து கொடுத்தால், எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

மருந்து அருகில் வரட்டும்

'எஸ்பியுபி' என்ற திட்டம் பலருக்குத் தெரிவதில்லை. நீண்ட நாள் மருந்து எடுப்பவர் முதல் மாத மருந்தைப் பெரிய மருத்துவமனையில் வாங்கும்போதே, மீதியை வீட்டுக்கு அருகிலுள்ள அரசு கிளினிக்கில் பெற்றுக்கொள்ள ஏற்பாடு செய்யலாம். மருந்தகத்தில் கேட்டால் போதும். 'ஓகேயூ' அட்டை வைத்திருப்போருக்கு அரசு மருத்துவமனையில் கட்டண விலக்கும் உண்டு.

வசதி இருந்தும் கேட்கத் தயங்குகிறோம் என்பதே நம் பெரிய குறை. அடுத்த முறை பெற்றோருடன் மருத்துவமனைக்குப் போகும் பிள்ளைகள் மருந்தகத்தில் இதை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். சாய்தளமோ வழிகாட்டிப் பலகையோ சரியில்லை என்றால், மருத்துவமனையின் வருகையாளர் வாரியத்திற்கு எழுதுங்கள். நம் ஊர்ச் சங்கங்களும் ஆலயங்களும் மாதம் ஒரு நாள் முதியவர்களை ஒரே வேனில் அழைத்துச் செல்ல முன்வரலாம். மருத்துவமனை பாதி தூரம் வரட்டும். மீதி தூரத்தைச் சமுதாயம் நடக்கட்டும்.