பூட்டிய அறையும் திறந்த குறிப்பேடும்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பத்மநாபசுவாமி கோயிலின் 'பி' அறையைச் சுற்றி உலவும் கதைகளுக்குக் கணக்கில்லை. நாகபந்தம், திறந்தால் கேடு, இத்யாதி. 2011-ல் உச்ச நீதிமன்றக் குழு மற்ற அறைகளைத் திறந்தபோதும் அது மட்டும் மூடியே கிடந்தது. 2014-ல் தணிக்கைக்கு நியமிக்கப்பட்ட வினோத் ராயின் அறிக்கையோ, 1990 முதல் ஏழு முறையாவது அந்த அறை திறக்கப்பட்டதாகச் சொன்னது. அது வெளி அறைதான் என்றது அரச குடும்பத் தரப்பு. உள்ளே இருப்பது ரகசியமாகவே இருந்தாலும், எப்போது திறந்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் கசிந்துவிட்டது.

இங்கிருந்து பேருந்து ஏறினால் கழக்கூட்டம் டெக்னோபார்க்; பூட்டியும் கசிவது அங்கும் உண்டு. மென்பொருள் வேலை நடக்கும் இடங்களில் பெரும்பாலும் 'கிட்' இருக்கும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதிய இந்த நிரல், ஒரு கோப்பின் எல்லாப் பழைய வடிவங்களையும் காப்பாற்றி வைக்கும். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்று கேட்டால் சொல்லும். நிரலோடு சேர்த்துத் தரவுத்தளக் கடவுச்சொல்லையும் அதில் வைக்க வேண்டிவந்தால்? குறியாக்கம் செய்து வைக்கலாம். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

பத்தாயிரம் வரிக் கோப்பில் ஒரு வரி மாறினால், கிட் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு வித்தியாசத்தை மட்டும் சுருக்கிச் சேமிக்க முடியும். நல்ல குறியாக்கமோ ஒப்பிட இடமே தராது. ஒவ்வொரு முறையும் புதிய தற்செயல் எண்ணைக் கலப்பதால், ஓர் எழுத்து மாறினாலும் முழுக் கோப்பும் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். எதுவுமே மாறாவிட்டாலும் அப்படித்தான். ஒரு மெகாபைட் கோப்பை நூறு முறை திருத்தினால் ஏறக்குறைய நூறு மெகாபைட் சேரும். ஒன்று ஒழுங்கைத் தேடுகிறது, மற்றது ஒழுங்கை அழிக்கிறது.

'கிட்-கிரிப்ட்' என்ற கருவி ஒரு சமரசம் செய்தது. கலக்கும் எண்ணைக் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடுகிறது. அதனால் ஒரே சாவியில் ஒரே கோப்பு எப்போதும் ஒரே வடிவில் பூட்டப்படும். மாறாத கோப்பை மாறியதாகக் கிட் எண்ணாது. விலையும் உண்டு. இரண்டு கோப்புகள் ஒன்றேதானா என்று சாவி இல்லாதவரும் கண்டுபிடித்துவிடலாம். கோப்பின் பெயர், மாற்றிய தேதி, மாற்றியவர் எழுதிய குறிப்பு ஆகியவை பூட்டுக்குள் வருவதே இல்லை. 'சம்பள உயர்வு' என்று கோப்புக்குப் பெயர் வைத்துவிட்டு உள்ளே பூட்டி என்ன பயன்?

மோசில்லாவில் பிறந்த 'சாப்ஸ்' வேறு வழியில் போனது. 'தரவுத்தளக் கடவுச்சொல்' என்ற தலைப்பைத் திறந்தே விட்டு, அதன் எதிரே உள்ள மதிப்பை மட்டும் பூட்டுகிறது. எது மாறியது என்று சக ஊழியர் பார்த்துக்கொள்ளலாம். என்னவாக மாறியது என்று சாவி இருந்தால்தான் தெரியும். சிறிய அமைப்புக் கோப்புகளுக்கு இதுவே மேல் என்பேன். படங்களுக்கும் பெரிய ஆவணங்களுக்கும் உதவாது.

இரண்டுமே தீர்க்காத ஒன்று உண்டு. கிட்டில் பிரதி எடுப்பவர் கைக்கு வரலாறு முழுவதும் போய்விடுகிறது. சாவி வைத்திருந்த ஊழியர் வேலையை விட்டுப் போனபின் புதிய சாவியால் பூட்டினால், இனி வரும் வடிவங்கள் மட்டுமே காப்பாற்றப்படும். பழையவற்றை அவர் வீட்டுக் கணினியிலேயே திறந்துகொள்ளலாம். ஆகவே அன்று முதலில் மாற்ற வேண்டியது கோப்பின் பூட்டை அல்ல. உள்ளே எழுதியிருந்த கடவுச்சொல்லை, அதுவும் அந்தத் தரவுத்தளத்துக்கே போய்.