பாதாம் பிசின் நீர்க்கடுப்பைத் தணிப்பது எப்படி?

சித்திரை வெயிலில் சிறுநீர் சுரீரென்று எரிகிறதா? உடம்பு நீர் வியர்வையாகப் போய்விட, சிறுநீர் அடர்ந்து, மஞ்சளாகி, போகும் வழியை உறுத்துகிறது.

இரவில் நாலைந்து துண்டு பாதாம் பிசினை ஊறப் போட்டுப் பாருங்கள். காலையில் கிண்ணம் நிறையத் தளதளவென்று கூழ்!

ஏன்? பிசினில் இருப்பவை நீளநீளமான சர்க்கரை இழைகள். சிக்கு விழுந்த நூல்கண்டு நனைந்தால் இடுக்குகளில் தண்ணீர் தங்கிவிடுமே, அப்படித்தான்.

ஆனால் அந்தக் கூழ் சிறுநீரகம் வரை போவதில்லை; குடலோடு சரி. கடுப்பைத் தணிப்பது அதோடு உள்ளே போகும் தண்ணீர்தான். மதுரை ஜிகர்தண்டாவில் பிசினைச் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீரை மறந்தால் பலனில்லை.

அரைகுறையாக ஊறியதை விழுங்காதீர்கள், தொண்டையிலேயே உப்பும். காய்ச்சலோ சிறுநீரில் இரத்தமோ இருந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம்; அன்றே மருத்துவரிடம் போங்கள்.