கரையில் நின்றே கூட்டைப் பார்க்கலாம்!

குட்டீஸ், வேடந்தாங்கல் போயிருக்கிறீர்களா? செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகம் அருகே உள்ள ஏரி அது. நவம்பர் முதல் மார்ச் வரை, தண்ணீரில் நிற்கும் மரங்களில் நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். நாம் நிற்பதோ கரையில்! வெறும் கண்ணுக்குப் பல பறவைகள் வெள்ளைப் புள்ளிகளாகத்தான் தெரியும்.

பைனாகுலர் இருந்தால், 'அது நாரை' என்று சொல்லிவிடலாம். 'ஸ்பாட்டிங் ஸ்கோப்' இருந்தால் இன்னும் நுணுக்கமாகப் பார்க்கலாம். நத்தைக்குத்தி நாரையின் மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். குஞ்சுகளுக்கு அது கிடையாது; வளர்ந்த பிறகே வரும். கூட்டில் நிற்பது தாயா, பெரிதாகிவிட்ட குஞ்சா என்று கரையில் இருந்தபடியே கண்டுபிடிக்கலாம்!

ஸ்பாட்டிங் ஸ்கோப் என்பது ஒற்றைக் கண்ணால் பார்க்கும் சிறிய தொலைநோக்கி. இதன் விலை சில ஆயிரங்களில் தொடங்கி லட்சங்கள் வரை போகிறது. உங்கள் பள்ளி இயற்கை மன்றம் காசு சேர்த்து, நடுத்தர விலையில் ஒன்று வாங்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள்

ஸ்கோப்பின் மேல் '20-60×80' என்று எழுதியிருக்கும். 20 முதல் 60 மடங்கு வரை பெரிதாக்கும் என்பது முதல் பகுதியின் பொருள். 80 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 20 மடங்கில் பார்த்தால், 200 மீட்டர் தள்ளி இருக்கும் பறவை 10 மீட்டரில் இருப்பது போலத் தெரியும்.

அப்படியானால் 60 மடங்கு இன்னும் நல்லதுதானே? அங்கேதான் சிக்கல்! லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்துப் பாருங்கள். 80÷20=4. கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் 4 மி.மீ. 80÷60 என்றால் சுமார் 1.3 மி.மீ.தான். படம் மங்கிவிடும். சின்ன ஆட்டம்கூடப் பெரிதாகத் தெரியும். அதனால் பெரும்பாலும் 20, 30 மடங்கில்தான் பார்ப்பீர்கள். அந்த அளவில் படம் பளிச்சென்று இருக்கிறதா என்று பாருங்கள். 80 மி.மீ. லென்ஸ் அதிக வெளிச்சம் தரும், ஆனால் கனம். தூக்கிக்கொண்டு நடக்க 60 அல்லது 65 மி.மீ. போதும்.

சாய்வா, நேரா?

கண் வைக்கும் பகுதி நேராகவும் இருக்கும், சாய்வாகவும் இருக்கும். பள்ளிக்குச் சாய்வானதே வசதி. உயரமான ஆசிரியர் குனிந்து பார்ப்பார்; ஆறாம் வகுப்பு மாணவி எக்காமல் பார்ப்பாள்.

முக்காலிக்கும் காசு வையுங்கள்

ஸ்கோப்பைக் கையில் பிடித்துப் பார்க்க முடியாது. எல்லாப் பணத்தையும் ஸ்கோப்பிலேயே போட்டுவிட்டு, ஆடுகிற முக்காலி வாங்கினால் பயனில்லை. மாமல்லபுரம் சாலையில் கோவளம், முட்டுக்காடு பக்கம் போனால் கடற்காற்று பலமாக வீசும். முக்காலியின் கால்களை அதிகம் நீட்டாமல், அதன் நடுவில் உங்கள் பையைத் தொங்கவிட்டால் ஆடாது. உப்புக் காற்றும் மணலும் லென்ஸுக்கு ஆகாது. நீர் புகாத ஸ்கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். மணலை முதலில் ஊதி அகற்றிவிட்டு, மெல்லிய லென்ஸ் துணியால் துடையுங்கள். சட்டை நுனி வேண்டாம்!

கடை வாசலில் ஒரு சோதனை

கடைக்கு வெளியே வந்து, தூரத்துப் பெயர்ப்பலகையைப் பாருங்கள். எழுத்துகள் தெளிவாக இருக்கின்றனவா? ஓரங்களில் ஊதா, பச்சை நிறம் கசிகிறதா? கண்ணாடி போட்ட நண்பருக்கும் முழுப் படம் தெரிகிறதா? தெரிந்தால் வாங்கலாம்.

பார்க்கக் காலை நேரமே நல்லது. வெயில் ஏறினால் கேளம்பாக்கம் உப்பங்கழியில் கானல் எழும். பூநாரைகள் நெளிவது போலத் தெரியும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். ஸ்கோப் வழியாகச் சூரியனை ஒருபோதும் பார்க்கக் கூடாது, கண்பார்வையே போய்விடும்!

இவ்வளவு பாடுபட்டு எதற்கு ஒரு ஸ்கோப்? படகில் கிட்டே போய்ப் பார்த்தால் என்ன? போனால் தாய்ப்பறவை பயந்து பறந்துவிடும். கூட்டில் இருக்கும் குஞ்சு வெயிலிலும் காக்கையிடமும் மாட்டிக்கொள்ளும். வேடந்தாங்கல் மக்களுக்கு இது எப்போதோ தெரியும். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதும் தெரியும். பறவைகளைக் காக்கும் அவர்களின் உரிமையை 1798இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் அங்கீகரித்தார். அவர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காத்துவரும் கூடுகள் அவை.

அடுத்த முறை போகும்போது, கரையில் நின்றே ஒரு கூட்டைத் தேர்ந்தெடுங்கள். அலகில் இடைவெளி இல்லாத குஞ்சுகள் எத்தனை? எண்ணி நோட்டில் எழுதுங்கள்!